விடுதி அறையில் வாழ்ந்த ஆசான்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பள்ளிக் கதவுகள் திறக்கும்போது, புதிய மாணவர்களோடு புதிய ஆசிரியர்களும் உள்ளே வருகிறார்கள். சென்ற ஆண்டு கணிதம் கற்பித்தவர் இப்போது வேறு பள்ளியில் இருக்கிறார். அறிவியல் ஆசிரியை வேறு ஊருக்குப் போய்விட்டார். இன்றைய ஆசிரியர்களிடம் நன்றியுணர்வு இல்லை என்று நிர்வாகத்தினர் வருந்துகிறார்கள். உழைப்புக்கு மதிப்பில்லாத இடத்தில் எப்படி நிலைத்திருப்பது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவ்விரண்டுக்கும் அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. ஓர் ஆசிரியரின் மனத்தைத் தாம் பணிபுரியும் பள்ளியோடு பிணைப்பது எது? ஊதியமா, பழக்கமா, வேறு போக்கிடம் இல்லாமையா, அல்லது இவற்றினும் ஆழமான ஒன்றா?

இக்கேள்விக்கு விடை தேடுவோர் பெங்களூரு பசவனகுடியில் வாழ்ந்த ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் படித்துப் பார்ப்பது நல்லது. 15 வயதில் மாணவராக ஒரு கல்வி நிறுவனத்தினுள் நுழைந்து, 84 வயதில் மறையும் வரை அதனுடனேயே இணைந்திருந்தவர் அவர். கதர் வேட்டியும் காந்தி குல்லாயும் அணிந்த இயற்பியல் பேராசிரியர் டாக்டர் ஹெச். நரசிம்மையா. கன்னட மக்கள் அன்போடு அவரை ஹெச்.என். என்று அழைத்தனர்.

நடந்தே வந்த சிறுவன்

1920-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், கர்நாடகத்தின் கௌரிபிதனூர் வட்டத்தைச் சேர்ந்த ஹோசூர் என்னும் சிற்றூரில் நரசிம்மையா பிறந்தார். இது தமிழகத்து எல்லையில் உள்ள ஓசூர் அன்று. பெங்களூருக்கு வடக்கே, அக்காலத்தில் கோலார் மாவட்டத்தில் அமைந்திருந்த ஊர். பிற்படுத்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பம். மழை குறைந்த அந்த வறண்ட பகுதியில் இரண்டு வேளை உணவே பலருக்குப் பெரிய காரியமாக இருந்தது. அத்தகைய வீட்டுப் பிள்ளை நடுநிலைப் பள்ளிப் படிப்பை முடித்ததே வியப்புக்குரியது. அதற்கு மேல் படிக்க ஊரில் பள்ளி இல்லை.

1935-இல் அச்சிறுவன் ஒரு முடிவுக்கு வந்தான். பெங்களூரு சென்று படிப்பது என்பதே அம்முடிவு. கையில் பயணச் செலவுக்குப் பணம் இல்லை, கால்கள் இருந்தன. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவை நடந்தே கடந்து பெங்களூரை அடைந்தான். பசவனகுடியில் இருந்த நேஷனல் உயர்நிலைப் பள்ளி அவனைச் சேர்த்துக்கொண்டது. ஏழை மாணவர் விடுதி ஒன்று தங்க இடமும் உணவும் தந்தது.

பின்னாளில் அவர் ஆற்றிய பணிகள் அனைத்திற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. வாசலில் நின்ற சிறுவனிடம் ஒரு பள்ளி குலமும் செல்வமும் கேளாமல் உள்ளே வரச் சொன்னது. தாம் ஆசிரியராவதற்கு முன்பே அப்பள்ளியிடம் பெற்றுக்கொண்டவர் அவர். பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேளாமல் கொடுக்கப்பட்ட உதவியே வாழ்நாள் முழுவதும் மறவாமல் நிற்கிறது.

விதை விழுந்த நிலம்

அந்தப் பள்ளியின் தோற்றத்தையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். அன்னி பெசன்ட் அம்மையார் நாடெங்கும் பரப்பிய தேசியக் கல்வி இயக்கத்தின் ஊக்கத்தால் 1917-இல் பிறந்தது அது. ஆங்கில அரசின் அலுவலகங்களுக்கு எழுத்தர்களை உருவாக்குவதோடு கல்வி நின்றுவிடக் கூடாது, தன் நாட்டையும் மொழியையும் நேசிக்கும் மனிதர்களை அது உருவாக்க வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் நோக்கம். இத்தகைய நோக்கத்தோடு தோன்றிய பள்ளிகளில் பணிக்குச் சேர்ந்தவர்கள் பெரும் ஊதியத்தை எதிர்பார்க்க முடியாது. ஒரு லட்சியத்தில் பங்கு கொள்கிறோம் என்ற நிறைவே அவர்களுக்கு ஊதியத்தின் ஒரு பகுதியாக இருந்தது. கே. சம்பத்கிரி ராவ் போன்ற ஆசிரியர்கள் அப்பள்ளியோடு தங்கள் வாழ்வைப் பிணைத்துக்கொண்டவர்கள். மாணவர் நரசிம்மையா தினமும் கண்ட ஆசிரியர்கள் இத்தகையவர்கள். பற்று என்னும் பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை. அதை வாழ்பவர்களைப் பார்த்தே மாணவன் கற்கிறான்.

1936-இல் மகாத்மா காந்தி நந்தி மலையில் சில காலம் தங்கி ஓய்வெடுத்தார். அவ்வாண்டில் அவர் பெங்களூரு வந்தபோது நேஷனல் உயர்நிலைப் பள்ளிக்கும் வருகை தந்தார். அங்கே காந்தியடிகள் ஹிந்தியில் ஆற்றிய உரையைக் கன்னடத்தில் மொழிபெயர்க்கும் பொறுப்பு மாணவர் நரசிம்மையாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு வருடத்திற்கு முன் காலில் புழுதியோடு வந்த கிராமத்துச் சிறுவன், நாடே வணங்கிய தலைவரின் அருகில் நின்று அவரது சொற்களைத் தன் மக்களுக்கு எடுத்துரைத்தான். ஒரு பள்ளி ஒரு பிள்ளையின் மேல் வைக்கும் நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அன்று முதல் கதராடையும் காந்திய எளிமையும் அவரது வாழ்வின் பகுதியாயின.

ஒரு முடிவும் ஓர் இளம் கல்லூரியும்

பள்ளிப் படிப்புக்குப் பின் நரசிம்மையா பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியபோது அவர் ஆனர்ஸ் மாணவர். படிப்பைப் பாதியில் விட்டுப் போராட்டத்தில் இறங்கினார், சிறைவாசமும் ஏற்றார். விடுதலை பெற்று வந்தபின் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்து, 1946-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

ஏழைக் குடும்பத்தில் பிறந்து, அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற ஓர் இளைஞர். நாடோ விடுதலையின் வாயிலில் நிற்கிறது. அரசுப் பணி கிடைத்தால் குடும்பத்தின் வறுமை தீரும், ஓய்வூதியமும் உறுதி. அந்நேரத்தில் அவர் தேர்ந்தெடுத்தது நேஷனல் கல்லூரியின் விரிவுரையாளர் பணியை. தம்மை வளர்த்த பள்ளியிலிருந்து கிளைத்து, 1945-இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. அதற்கு அப்போது வயது ஒன்று. பெயரும் புகழும் அதற்கு இனிமேல்தான் வர வேண்டும். வளர்ந்து நிற்கும் மரத்தின் நிழலில் அமர்வது எளிது. நட்ட கன்றுக்கு நீர் சுமப்பதற்கு வேறு மனம் வேண்டும்.

கல்லூரியில் சேர்ந்தபோது அவர் தங்குவதற்குத் தேர்ந்த இடம் மாணவர் விடுதியின் ஓர் அறை. திருமணம் செய்துகொள்ளாத அவர், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த எளிய வாழ்வையே வாழ்ந்தார். விரிவுரையாளர் முதல்வரானார், முதல்வர் துணைவேந்தரானார், விருதுகள் வந்தன. ஆனால் அறை மட்டும் மாறவில்லை.

சென்றார், திரும்பினார்

ஒரே இடத்தில் இருந்துவிட்டார் என்று சொன்னதும், வெளியுலகை அறியாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. நரசிம்மையா பலமுறை அந்த வளாகத்தை விட்டு வெளியே சென்றவர். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வந்தார் என்பதே அவரது பற்றின் தன்மையை நமக்குக் காட்டுகிறது.

முதலில் அவர் அமெரிக்கா சென்றார். ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் ஆய்வு செய்து 1960-இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாளில் அணுக்கரு இயற்பியல் அறிந்தவர்களை உலகமே தேடியது. அவரோ பசவனகுடிக்குத் திரும்பி, 1961-இல் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார். 1960-களின் பிற்பகுதியில் தெற்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராகப் பணியாற்றினார். அங்கிருந்தும் திரும்பினார்.

1972-இல் பெங்களூரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அவர் நியமிக்கப்பட்டார். 1964-இல் உருவான அப்பல்கலைக்கழகம் வளர்ச்சிப் பருவத்தில் இருந்தது. 1977 வரை அதனை வழிநடத்தினார். அந்த உயர்ந்த பதவியில் இருந்தபோதும் விடுதி அறை வாழ்வை அவர் கைவிடவில்லை. பதவிக் காலம் முடிந்ததும் மீண்டும் தாம் வளர்த்த கல்வி நிறுவனங்களின் பணிக்கே வந்து சேர்ந்தார். அவற்றை நடத்தும் கர்நாடகத் தேசியக் கல்விச் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார்.

வேறு வழி இல்லாததால் ஓரிடத்தில் இருப்பவரைப் பற்றுள்ளவர் என்று சொல்ல முடியாது. வழிகள் பல திறந்திருந்தும் ஓரிடத்தைத் தேர்ந்து கொள்பவரே பற்றுள்ளவர். அவரை வெளியே அனுப்ப அஞ்சாத நிறுவனமும் பாராட்டுக்குரியது. பிற இடங்களுக்குச் சென்று கற்றுவர ஆசிரியரை அனுமதிக்கும் பள்ளி அவரை இழந்துவிடுவதில்லை. பெரும்பாலும் இன்னும் நிறைவானவராகத் திரும்பப் பெறுகிறது.

கேள்விக்கு இடம் தந்த வளாகம்

நரசிம்மையா ஒரு பகுத்தறிவாளர். எதையும் ஆராயாமல் ஏற்கக் கூடாது, மாணவன் தயங்காமல் கேள்வி கேட்க வேண்டும் என்பதைத் தம் கல்விக் கொள்கையின் மையமாக வைத்திருந்தார். துணைவேந்தராக இருந்தபோது, அற்புதங்கள் எனப்படுபவற்றையும் மூடநம்பிக்கைகளையும் அறிவியல் முறையில் ஆராய 1976-இல் ஒரு குழுவை அமைத்தார். அது நாடு முழுவதும் பெரும் விவாதத்தை எழுப்பியது. பலர் அவரைப் பாராட்டினர். பலர் கடுமையாக எதிர்த்தனர். ஆன்மிக வழியில் செல்வோர் அவரது கருத்துகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் தாம் உண்மை என்று கண்டதைப் பதவிக்காகவோ புகழுக்காகவோ மறைக்காத நேர்மையை யாரும் போற்றவே செய்வர். உண்மையைத் தேடுபவனுக்கு ஆராய்ச்சி பகையன்று என்பதை நம் தத்துவ மரபும் நன்கு அறியும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிரம்மஞான சங்கத்தின் தலைவரான அன்னி பெசன்ட் அம்மையாரின் ஊக்கத்தால் தோன்றிய ஒரு கல்வி நிறுவனம், பகுத்தறிவாளர் ஒருவரைத் தன் முதல்வராகவும் பின்னர்த் தலைவராகவும் ஏற்றுக்கொண்டது. நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களின் நம்பிக்கைகளை ஒப்பிக்கும்படி அவரிடம் அது கேட்கவில்லை. மாணவர்களை மனிதர்களாக்க வேண்டும் என்ற அடிப்படை நோக்கத்தில் இரு தரப்பும் ஒன்றுபட்டிருந்தன. அதுவே போதுமானதாக இருந்தது. தம் மனச்சாட்சியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருமாறு கேட்கும் பள்ளிக்கு ஆசிரியரின் உடல் மட்டுமே கிடைக்கும், உள்ளம் கிடைக்காது.

அந்த உள்ளம் என்ன செய்யவல்லது என்பதற்கு 1962-இல் நரசிம்மையா தொடங்கிய பெங்களூரு சயன்ஸ் ஃபோரம் ஓர் எடுத்துக்காட்டு. வாரந்தோறும் ஓர் அறிவியல் சொற்பொழிவு. மாணவர், இல்லத்தரசி, ஓய்வுபெற்றவர் என யார் வேண்டுமானாலும் வந்து அமர்ந்து கேட்கலாம், வினவலாம். நாட்டின் சிறந்த அறிவியலறிஞர்கள் பலர் அந்த மேடையில் பேசினர். இந்தப் பணியை அவர் செய்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதைச் செய்யாவிட்டால் ஊதியம் குறையப்போவதும் இல்லை. தன் இடம் என்று ஓர் ஆசிரியர் உணரும்போது, கடமையின் எல்லைக்கு அப்பால் பணி தானே பெருகுகிறது. இசை, நாடகம் முதலிய கலைகளும் அவரது ஆதரவால் அந்த வளாகத்தில் இடம் பெற்றன.

கடன் தீர்த்த விதம்

நகரத்தில் ஒரு நல்ல கல்லூரியை வளர்த்தெடுத்ததோடு நரசிம்மையா நிறைவடையவில்லை. தாம் நடந்து வந்த பாதையை அவர் மறக்கவில்லை. கௌரிபிதனூரிலும், ஆந்திர எல்லையை ஒட்டிய வறண்ட பகுதியான பாகேபள்ளியிலும் தேசியக் கல்விச் சங்கத்தின் கல்லூரிகள் உருவாக அவர் பாடுபட்டார். தம்மைப் போன்ற மற்றொரு சிறுவன் படிப்புக்காக அத்தனை தொலைவு நடக்க வேண்டிய நிலை வரக் கூடாது என்ற எண்ணம் அப்பணியில் வெளிப்படுகிறது.

பசவனகுடிப் பள்ளியிடம் பெற்ற கடனை அவர் பசவனகுடியில் மட்டும் திருப்பிச் செலுத்தவில்லை. ஹோசூரின் புழுதிப் பாதையிலும் செலுத்தினார். அவரது பற்று கட்டடத்தின் மேலோ பெயர்ப் பலகையின் மேலோ வைத்த பற்றாக இருந்திருந்தால், எங்கள் கல்லூரி என்ற பெருமையோடு அது நின்றிருக்கும். ஒரு நோக்கத்தின் மேல் வைத்த பற்றாக இருந்ததால், நோக்கம் எங்கே தேவைப்பட்டதோ அங்கே அது சென்றது. நிறுவனப் பற்று குறுகிய அபிமானமாகச் சுருங்காமல் இருக்க இது ஒன்றே வழி.

1984-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. தம் வாழ்க்கையை அவரே கன்னடத்தில் 'ஹோராட்டத ஹாதி', அதாவது போராட்டப் பாதை என்ற பெயரில் எழுதினார். 2005-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் அவர் மறைந்தார்.

கேட்டுப் பெற முடியாத ஒன்று

இவ்வரலாற்றைப் படித்து முடிக்கும் பள்ளி நிர்வாகி ஒருவர், நம் ஆசிரியர்களும் இப்படி இருக்கக் கூடாதா என்று எண்ணலாம். அங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

நரசிம்மையா தனி மனிதர். மனைவி மக்கள் இல்லை; விடுதி அறையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. வாடகைக்கு வீடெடுத்து, முதிய பெற்றோரைப் பேணி, பிள்ளைகளின் படிப்புக்கும் செலவிடும் ஓர் ஆசிரியரிடம் இந்த வாழ்க்கையைக் காட்டி, குறைந்த ஊதியத்தில் நிறைவடையுமாறு சொல்வது நியாயமாகாது. தியாகம் என்பது ஒருவர் தாமே மனமுவந்து தருவது. பிறரிடமிருந்து வசூலிக்கப்படும்போது அதன் பெயர் தியாகமன்று, சுரண்டல். மாதம் பிறந்ததும் ஊதியத்தைக் கொடுக்காமல், ஆண்டு விழாவில் மட்டும் அர்ப்பணிப்பைப் பற்றிப் பேசும் பள்ளியில் அர்ப்பணிப்பு வளராது. இல்லறத்தாருக்குரிய தேவைகளை மதிப்பது தர்மம் என்றே நம் முன்னோர் கருதினர்.

அப்படியானால் இந்த வாழ்க்கை நிர்வாகத்தினருக்கு எதைக் கற்பிக்கிறது? ஆசிரியரிடம் எதிர்பார்ப்பதைத் தாங்கள் முதலில் வாழ்ந்து காட்ட வேண்டும் என்பதைக் கற்பிக்கிறது. முதல்வர் தாமே எளிய அறையில் வாழும் கல்லூரியில், எளிமையைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பத் தேவையில்லை. ஆசிரியரை நம்பிப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். 16 வயது மாணவனைக் காந்தியடிகளின் அருகில் நிறுத்தியது போன்ற நம்பிக்கை அது. அவருடைய சிந்தனைக்கு மதிப்பளிக்க வேண்டும். அவர் வளர்வதற்காக வெளியே சென்றால் வாழ்த்தி அனுப்பவும், திரும்பி வந்தால் வரவேற்கவும் தெரிய வேண்டும். இவற்றை ஒரு பள்ளி செய்துவிட்டால், பற்று வேண்டும் என்று அது தனியே கேட்க வேண்டியிராது.

ஆசிரியர்களுக்கும் இவ்வாழ்வு ஒரு செய்தியைச் சொல்கிறது. நரசிம்மையா பசவனகுடியில் நிலைத்து நின்றதற்குக் காரணம், அந்த நிறுவனத்தில் குறைகளே இல்லை என்பதன்று. குறையற்ற நிறுவனம் உலகில் எங்கும் இல்லை. வெறும் கைகளோடு வந்த சிறுவனுக்குக் கதவு திறந்த ஓரிடம் நாளையும் திறந்திருக்க வேண்டும் என்ற பொறுப்பைத் தம்முடையதாக அவர் ஏற்றுக்கொண்டார். இத்தகைய பொறுப்பை ஏற்றவர் எந்தப் பள்ளியில் பணிபுரிந்தாலும், எத்தனை ஆண்டுகள் பணிபுரிந்தாலும், அங்குள்ள குழந்தைகளுக்கு உண்மையாக இருப்பார். சூழ்நிலை காரணமாக ஒருநாள் அவர் அப்பள்ளியை விட்டு விலக நேர்ந்தாலும், அதனால் அவர் பற்றில்லாதவர் ஆகிவிட மாட்டார்.

இந்த ஜூன் மாதமும் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து ஒரு குழந்தை, எதிர்பார்ப்போடும் அச்சத்தோடும் ஒரு பள்ளியின் வாசலில் வந்து நிற்கும். அதன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லும் ஆசிரியர் அன்று செய்வது சிறு செயலாகத் தோன்றலாம். பின்னாளில் ஒரு கல்விக்கூடத்தைத் தாங்கி நிற்கப்போகும் தூண் அந்த நேரத்தில்தான் நடப்படுகிறது என்பதைப் பசவனகுடியின் அந்த விடுதி அறை நமக்கு நினைவூட்டுகிறது.